போர்க்காலச் சமாதான உரையில் சொல்லைத் திருத்துவது வெறும் மெருகா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு தலைவர் சமாதானக் கொள்கை ஒன்றை அறிவிக்கும் உரை வரைவுக்கு வரைவு மாறிக்கொண்டே வருகிறது. அந்தத் திருத்தங்கள் ஏற்கெனவே எடுத்த முடிவுக்குப் பூசும் மெருகா, இல்லை முடிவையே மாற்றுகின்றனவா? அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 1968 மார்ச் 31 அன்று வியட்நாம் போர் பற்றி ஆற்றிய உரையைக் காட்டி, “மறுபடி போட்டியிட மாட்டேன் என்றதுதானே செய்தி, மீதியெல்லாம் அலங்காரம்தானே?” என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அலங்காரம் இல்லை. முடிவு எடுத்துவிட்டுத்தான் உரை எழுத உட்காருகிறார்கள் என்று வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத் தோன்றும். வரைவுகளை அடுக்கிவைத்துப் படித்தால் வேறொன்று தெரியும்: எழுத உட்கார்ந்த பிறகுதான் முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்பதே பல நேரம் வெளிப்படுகிறது. கூட்டங்களில் “குண்டுவீச்சைக் குறைப்போம்” என்று ஆளுக்கொரு பொருளில் தலையாட்டிவிட்டுப் போகலாம். “நான் உத்தரவிட்டிருக்கிறேன்” என்று தாளில் எழுதும்போது எங்கே, எப்போது முதல், எதுவரை என்ற மூன்றுக்கும் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் எடுத்துக்காட்டிய உரையே இதற்கு நல்ல சான்று. அதைப் பற்றிய ஆவணங்களும் ஏராளமாக இருப்பதால் அதை வைத்தே பேசுகிறேன்.

அமெரிக்கா ஆதரித்த தெற்கு வியட்நாம்மீது வட வியட்நாம் தரப்பு 1968 ஜனவரி இறுதியில் தொடங்கிய டெட் தாக்குதலுக்குப் பின், வியட்நாமுக்கும் பிற தேவைகளுக்குமாகச் சுமார் 2,06,000 வீரர்களைக் கூடுதலாகத் திரட்டும் கோரிக்கை படைத்தலைமையிடமிருந்து வாஷிங்டனுக்கு வந்தது. மார்ச் 1 அன்று பாதுகாப்புச் செயலராகப் பொறுப்பேற்ற கிளார்க் கிளிஃபர்டின் முதல் வேலை அதைப் பரிசீலிப்பதுதான். ஜான்சனின் உரையும் முதலில் இந்தச் சூழலுக்காகத் திட்டமிடப்பட்டதே. நிலைமை கடினம், உறுதியாக நிற்போம், கூடுதல் படை போகும், அதற்குப் பணம் வேண்டும் என்பதுதான் அதன் போக்கு. வரைவை எழுதியவர் வெள்ளை மாளிகை ஆலோசகர் ஹாரி மெக்ஃபர்சன்.

மார்ச் 28 அன்று வெளியுறவுச் செயலர் டீன் ரஸ்க்கின் அலுவலகத்தில் கிளிஃபர்ட், ஜனாதிபதியின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் வால்ட் ரோஸ்டோ, வெளியுறவுத் துறை அதிகாரி வில்லியம் பண்டி, மெக்ஃபர்சன் ஆகியோர் அந்த வரைவோடு உட்கார்ந்தார்கள். வார்த்தைகளைச் சரிபார்ப்பதற்காகக் கூடிய கூட்டம் அது. ஆனால் கிளிஃபர்ட் வார்த்தைகளுக்குள் போகவே மறுத்தார். இந்த உரை போரைப் பற்றியது, நாட்டுக்குத் தேவை சமாதானத்தைப் பற்றிய உரை என்று வாதாடினார். அதன் விளைவாக மெக்ஃபர்சன் மாற்று வரைவு ஒன்றையும் தயாரித்தார். இரண்டும் ஜனாதிபதியிடம் போயின. மறுநாள் ஜான்சன் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு பக்கத்திலிருந்த சொற்றொடரை மாற்றச் சொன்னார். மெக்ஃபர்சன் தாளைப் புரட்டிப் பார்த்தால் அது மாற்று வரைவின் பக்கம். ஜனாதிபதி எந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தார் என்பது உரையை எழுதியவருக்கே ஒரு திருத்தத்தின் வழியாகத்தான் தெரியவந்தது. “இன்றிரவு வியட்நாமிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் சமாதானம் பற்றி உங்களிடம் பேச விரும்புகிறேன்” என்று மக்கள் கேட்ட முதல் வாக்கியம் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

முதல் வாக்கியத்துக்கு ஏன் இத்தனை எடை என்றால், பின்னால் வரும் பத்திகளின் வரிசையை அது கட்டிப்போடுகிறது. போர் என்று தொடங்கினால் படை எண்ணிக்கை முன்னே வரும், பேச்சுவார்த்தை அழைப்பு வாலாகத் தொங்கும். சமாதானம் என்று தொடங்கினால் குண்டுவீச்சுக் குறைப்பு முன்னே வந்தாக வேண்டும், படை அனுப்புவதை அதன் பிறகு விளக்கமாகத்தான் சொல்ல முடியும். மார்ச் 31 உரையில் நடந்ததும் இதுவே. ஐந்து மாதங்களில் 13,500 ஆதரவுப் படையினரை அனுப்புவது, நடப்பு நிதியாண்டில் 250 கோடி டாலர், அடுத்த ஆண்டில் 260 கோடி டாலர் கூடுதல் செலவு, தெற்கு வியட்நாம் 1,35,000 பேரைக் கூடுதலாகத் திரட்டுவது ஆகிய எல்லாமே உரையில் இருக்கின்றன. ஒன்றுகூட மறைக்கப்படவில்லை. ஆனால் அவை குண்டுவீச்சு அறிவிப்புக்குப் பின்னால் வருவதால், வட வியட்நாம் தலைநகர் ஹனோய்க்கும் அமெரிக்க வீட்டுக் கூடங்களுக்கும் முதலில் போய்ச் சேர்ந்தது குறைப்புதான்.

இனி அந்தக் குறைப்பைச் சொன்ன வாக்கியம். உரை முழுவதிலும் அதிக விலை கொடுத்த இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உள்ளே எடுத்த முடிவு தெளிவானது: 20ஆம் அட்சரேகைக்கு வடக்கே குண்டு வீசுவதில்லை. நேச நாடுகளிலிருந்த அமெரிக்கத் தூதர்களுக்கு உரைக்கு முன் போன தந்தியிலும் அந்தக் கோடு பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருந்தது. உரையிலோ அந்த எண் எடுக்கப்பட்டு, வேலையை விவரிக்கும் சொற்கள் வந்தன. வட, தெற்கு வியட்நாம்களைப் பிரித்த இராணுவமற்ற மண்டலத்துக்கு வடக்கே, எதிரியின் படைக்குவிப்பு நேச நாட்டு முன்னணி நிலைகளை நேரடியாக அச்சுறுத்தும் பகுதியையும், அந்த அச்சுறுத்தலோடு தெளிவாகத் தொடர்புடைய துருப்பு, சரக்கு நடமாட்டம் உள்ள இடங்களையும் தவிர வேறெங்கும் தாக்குதல் இல்லை என்பது அதன் சாரம். தாக்குதல் நிற்கும் பகுதியில் வட வியட்நாம் மக்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேரும் அதன் நிலப்பரப்பில் பெரும்பகுதியும் அடங்கும் என்ற வாக்கியமும் கூடவே வந்தது.

எண்ணை எடுத்ததற்கு நியாயம் சொல்ல முடியும். தொலைக்காட்சி பார்க்கும் ஒருவருக்கு 20ஆம் அட்சரேகை என்றால் எதுவும் விளங்காது. 90 சதவீதம் என்றால் உடனே விளங்கும். கோட்டைப் பெயர் சொல்லிவிட்டால், அதற்கு அப்பால் எதிரி எதைக் குவித்தாலும் தொட முடியாது, பின்னால் தொட்டால் வாக்குத் தவறியதாகும். ஆனால் எண் போனதும் கேட்டவர் மனத்தில் ஒரு தவறான வரைபடம் உருவானது. “இராணுவமற்ற மண்டலத்துக்கு வடக்கே” என்றதும் எல்லோரும் எல்லையை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையைக் கற்பனை செய்தார்கள். இராணுவமற்ற மண்டலம் இருப்பது 17ஆம் அட்சரேகையருகே. அங்கிருந்து 20 வரை மூன்று பாகை, பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 330 கிலோமீட்டர். அந்தத் தெற்கு நீட்சி ஒடுக்கமானது, மக்கள் குறைவு, ஆகவே 90 சதவீதக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் 330 கிலோமீட்டர் நீளம் அந்தச் சொற்களில் எங்கும் தெரியவில்லை.

அதனால் நேர்ந்த விபத்துக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. உரைக்கு மறுநாள் வட வியட்நாமின் தான்ஹோவா (Thanh Hoa) பகுதியை அமெரிக்க விமானங்கள் தாக்கின. அது 20ஆம் அட்சரேகைக்குச் சற்றுத் தெற்கே, இராணுவமற்ற மண்டலத்திலிருந்து 200 மைலுக்கும் மேல் வடக்கே இருக்கிறது. விமானிகள் உத்தரவை மீறவில்லை. உத்தரவின்படி அது அனுமதிக்கப்பட்ட இடம். ஆனால் உரையைக் கேட்டவர்களுக்கு, ஜனாதிபதி சொன்ன சொல்லின் ஈரம் காய்வதற்குள் மீறியது போலிருந்தது. செனட் வெளியுறவுக் குழுத் தலைவர் ஃபுல்பிரைட் அவையில் கடுமையாக விமர்சித்தார். 20ஆம் அட்சரேகைதான் எல்லை என்று அரசு வெளிப்படையாக விளக்க வேண்டியதாயிற்று. எதைச் சொல்லாமல் இருக்கத் திருத்தினார்களோ அதையே, மதிப்பை இழந்தபின் சொல்லும் நிலை. விரைவிலேயே குண்டுவீச்சு நடைமுறையில் 19ஆம் அட்சரேகைக்குத் தெற்கே ஒடுக்கப்பட்டது. ஒரு எண்ணை நீக்கியதன் விலையாக, களத்தில் ஒரு பாகை அளவு நிலம் விடப்பட்டது என்றே நான் கணக்கிடுவேன்.

நிபந்தனையைச் சொல்லும் விதம் இன்னொரு வகைச் சிக்கல். 1967 செப்டம்பர் 29 அன்று சான் அன்டோனியோவில் ஜான்சன் ஒரு வாய்பாட்டைச் சொல்லியிருந்தார்: பயனுள்ள பேச்சுக்கு விரைவில் இட்டுச்செல்லும் என்றால் குண்டுவீச்சை நிறுத்தத் தயார், பேச்சு நடக்கும்போது வட வியட்நாம் அந்த நிறுத்தத்தைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்தாது என்று கருதிக்கொள்கிறோம். “கருதிக்கொள்கிறோம்” என்ற வினையைக் கவனியுங்கள். கோருகிறோம் என்றால் ஹனோய் மறுக்கும், ஒன்றுமே சொல்லாவிட்டால் உள்நாட்டில் தளபதிகள் கொதிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்காகத் தேர்ந்த சொல் அது. ஆனால் “சாதகமாகப் பயன்படுத்தாது” என்பதற்கு அளவு எது? 1968 ஜனவரி 25 அன்று செனட் குழு முன் கிளிஃபர்டிடம் அதைக் கேட்டபோது, தெற்கே வழக்கமான அளவில் ஆளும் பொருளும் போய்க்கொண்டிருக்கும் என்றே கருதுவதாகச் சொன்னார். நான்கு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்த வாக்கியத்துக்கு அப்போதுதான் ஓர் உருவம் கிடைத்தது. மார்ச் 31 உரை அதே வாய்பாட்டைத் திரும்பச் சொன்னது, ஆனால் அதோடு நிற்கவில்லை. குறைப்பை ஒருதலையாகவும் உடனடியாகவும் செய்கிறோம் என்று அறிவித்தது. பதில் வந்தால் செய்வோம் என்பது செய்துவிட்டோம், இனி பதில் உங்கள் கையில் என்று மாறியது. முழு உரையிலும் கொள்கை அளவில் மிகப் பெரிய திருத்தம் அந்த இலக்கண மாற்றம்தான்.

எதிர்த்தரப்பும் இதே நுணுக்கத்தோடு எழுதியது. வட வியட்நாம் வெளியுறவு அமைச்சர் நுயென் ஸுய் திரின், 1967 ஜனவரியில் நிபந்தனையின்றிக் குண்டுவீச்சு நின்றால் பேச்சு “நடக்கலாம்” என்றார். அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் “நடக்கும்” என்றார். ஒரு விகுதிதான். வாஷிங்டனில் அதை நாட்கணக்கில் அலசினார்கள், அலசியது சரியே. ஜான்சனின் உரைக்கு ஏப்ரல் 3 அன்று வந்த பதிலும் அப்படித்தான். குண்டுவீச்சு முழுதாக நிற்காதவரை பேச்சு இல்லை என்பது ஹனோயின் நிலை. உரை அறிவித்ததோ பாதி நிறுத்தம். ஆகவே ஹனோய் உடனே “பேச்சு” என்று ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சு தொடங்க வழிசெய்யும் நிபந்தனையற்ற முழு நிறுத்தத்தைத் தீர்மானிப்பதற்காக அமெரிக்கப் பிரதிநிதியோடு “தொடர்பு” கொள்ளத் தயார் என்றது. தன் கொள்கையைக் கைவிடாமலே மேசைக்கு வர அந்தச் சொல் வழிவிட்டது. நல்ல உரை எதிரிக்கு இப்படியொரு வாசலைத் திறந்துவைக்க வேண்டும். ஜான்சனின் உரை வட வியட்நாம் ஜனாதிபதி ஹோ சி மின்னைச் சாதகமாகப் பதிலளிக்க அழைத்ததே தவிர, எந்த வடிவில் என்று கட்டாயப்படுத்தவில்லை.

மாறாக, எந்த யோசனையும் இல்லாமல் உள்ளே விட்ட ஒரு வாக்கியம் ஒரு மாதத்தைத் தின்றது. இந்த அசிங்கமான போரை முடிக்கும் வழி பற்றிப் பேச, எந்த அரங்குக்கும் எந்த நேரத்திலும் பிரதிநிதிகளை அனுப்பத் தயார் என்று உரை சொன்னது. காதுக்கு நன்றாக இருக்கிறது. முன்பும் பலமுறை சொன்னதுதான் என்பதால் யாரும் அதை ஒரு வாக்குறுதியாக எடைபோடவில்லை போலும். ஹனோய் எடைபோட்டது. கம்போடியத் தலைநகர் நோம்பென் என்றது, வாஷிங்டன் மறுத்தது. போலந்துத் தலைநகர் வார்சா என்றது, அதையும் வாஷிங்டன் மறுத்தது. அமெரிக்காவின் மறுப்புக்கு நடைமுறைக் காரணங்கள் இருந்தன. தூதரகம் இல்லாத இடம், சைகானிலிருந்த தெற்கு வியட்நாம் அரசுத் தரப்பும் நேச நாடுகளும் தாராளமாக வந்துபோக முடியாத இடம் என்றால் சிரமம்தான். ஆனால் “எந்த அரங்கும்” என்று சொல்லிவிட்டு இடம் தேடுபவரின் காரணத்தை யார் கேட்பார்கள்? மே 3 அன்றுதான் பாரிஸ் என்று முடிவாயிற்று, மே 13 அன்று முறையான பேச்சு தொடங்கியது. “இரு தரப்புக்கும் ஏற்ற எந்த அரங்கும்” என்று மூன்று சொல்லைச் சேர்த்திருந்தால் உரையின் கம்பீரம் குறைந்திருக்காது.

முடிவுரை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போட்டியிட மாட்டேன் என்ற பகுதியை எழுதியவர் ஹோரஸ் பஸ்பி. அதை உரைக் குழுவிலிருந்து தனியாகவே வைத்திருந்தார்கள். சமாதான அழைப்பு வாக்கு வேட்டைக்கான தந்திரம் என்ற சந்தேகத்தை அது துடைத்தது. அந்த அளவில் அது முந்தைய பத்திகளுக்கு வலுவூட்டியது. ஆனால் ஏப்ரல் 3 அன்று ஹனோய் பதில் சொன்னது குண்டுவீச்சுப் பத்திக்குத்தான்.

எது உறுதி, எது விவாதத்துக்குரியது என்பதையும் பிரித்துவிட வேண்டும். மார்ச் 28 கூட்டம், இரண்டு வரைவுகள், ஜனாதிபதி மாற்று வரைவில் திருத்தம் சொன்னது, தந்தியில் எண் இருந்ததும் உரையில் இல்லாததும், தான்ஹோவா தாக்குதல் ஆகியவை உறுதி. பெருமை யாருக்கு என்பது விவாதம். பகுதிக் குண்டுவீச்சு நிறுத்த யோசனையை ரஸ்க் மார்ச் முதல் வாரத்திலேயே வைத்துவிட்டார். ஜான்சன் பின்னாளில் தம் தரப்பைச் சொன்னபோது அதற்கே எடை கொடுத்தார். கிளிஃபர்டின் தரப்போ மார்ச் 28ஐத் திருப்புமுனையாகப் பார்க்கிறது. இரண்டும் முரண்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து: நடவடிக்கை ரஸ்க்குடையது, உரையின் முகம் கிளிஃபர்ட் மாற்றியது. ஜான்சன் உண்மையில் சமாதானத்தை நோக்கித் திரும்பினாரா, உள்நாட்டு எதிர்ப்பைத் தணிக்க மூச்சுவிடும் இடைவெளி தேடினாரா என்பது இன்னும் பெரிய விவாதம். தூதர்களுக்குப் போன தந்தி, அடுத்த நான்கு வாரம் வடக்கே வானிலை மோசமாகத்தான் இருக்கும், ஹனோய் பெரும்பாலும் நிராகரிக்கும், பிறகு நம் கை கட்டவிழும் என்ற பொருளில் பேசியது. இதை வைத்து உரையே பொய் என்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். தயங்கும் நேச நாடுகளைச் சமாதானப்படுத்த எழுதிய தந்தியில் இப்படித்தான் இருக்கும். ஆவணங்கள் செயலைக் காட்டும் அளவுக்கு மனத்தைக் காட்டுவதில்லை.

இந்த உரைக்கு வெளியே ஓர் உதாரணம். 1918 ஜனவரி 8 அன்று அமெரிக்க ஜனாதிபதி வுட்ரோ வில்சன் சொன்ன பதினான்கு சமாதான அம்சங்களின் அடிப்படையில் முதல் உலகப் போரை நிறுத்த ஜெர்மனி கேட்டபோது, நேச நாடுகள் நவம்பர் 5 தேதியிட்ட குறிப்பில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தன: குடிமக்களுக்கும் அவர்கள் சொத்துக்கும் நேர்ந்த சேதத்துக்கு ஜெர்மனி ஈடு தர வேண்டும். “குடிமக்கள்” என்ற சொல் எல்லையைக் கட்டிவிட்டதாகவே தோன்றியது. 1919இல் பாரிஸில், படையிலிருந்து விலகியதும் வீரனும் குடிமகன்தானே, அவன் குடும்பமும் குடிமக்கள்தானே என்று தென்னாப்பிரிக்கத் தலைவர் ஸ்மட்ஸ் வாதிட்டார். வில்சன் ஏற்றார். இராணுவ ஓய்வூதியங்கள் இழப்பீட்டுக் கணக்கில் ஏறி, கோரும் தொகை பெருத்தது. யாரைக் குறிக்கிறது என்று வரையறுக்காத பெயர்ச்சொல்லை, பேரம் பேசும் நாளில் பலமுள்ளவர் தம் பக்கம் இழுத்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட உரையைத் திருத்த உட்காருபவருக்கு வேலையின் வரிசை இதுதான். உரையைத் தொடுவதற்கு முன் ஒரு தனித் தாளில் ஐந்து விஷயங்களை எழுத வேண்டும்: எது நிற்கிறது, எங்கே, எந்த நேரம் முதல், எதுவரை, பதிலுக்கு என்ன எதிர்பார்ப்பு. ஏதாவது ஒன்றுக்கு நேரே “கணிசமாக”, “விரைவில்” போன்ற சொல் வந்தால் அங்கே முடிவு எடுக்கப்படவில்லை என்று பொருள். எழுத்தாளரால் அதைச் சரிசெய்ய முடியாது, தலைவரிடம் திருப்பி அனுப்ப வேண்டும். பிறகு செயல்பாட்டு வாக்கியங்களை அவற்றை நிறைவேற்றப் போகும் தளபதியிடம் காட்டி, நாளைக் காலை எங்கே தாக்குவீர்கள், எங்கே மாட்டீர்கள் என்று வரைபடத்தில் குறிக்கச் சொல்ல வேண்டும். அதே வாக்கியத்தை வேலையில் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் கொடுத்து அவரையும் குறிக்கச் சொல்ல வேண்டும். இரண்டு வரைபடமும் பொருந்தவில்லை என்றால் இன்னொரு தான்ஹோவா காத்திருக்கிறது. அடுத்து, எதிரியின் இடத்தில் உட்கார்ந்து, மறுக்க எந்தச் சொல் உதவும், முகம் கெடாமல் ஏற்க எந்தச் சொல் உதவும் என்று இரு நிறத்தில் கோடிட வேண்டும். “எந்த”, “எல்லா”, “ஒருபோதும்” ஆகியவற்றைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். நேச நாடுகளுக்குப் போகும் குறிப்பும் உரையும் ஒரே எல்லையைச் சொல்ல வேண்டும். ஒன்றில் எண், மற்றொன்றில் வருணனை என்றால் இரண்டில் ஒன்று நிச்சயம் கசியும்.

இவையெல்லாம் முடிந்தபின் செயல்பாட்டு வாக்கியங்களைப் பூட்டிவிட வேண்டும். நடையை மெருகேற்றுபவர் அதன் பிறகு மற்றப் பத்திகளில் மட்டும்தான் கைவைக்கலாம். வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கில் இடறுகிறது என்று கடைசி இரவில் வெட்டப்படுவது பெரும்பாலும் ஒரு சிறு துணைத்தொடர்தான். எல்லையும் நிபந்தனையும் அதற்குள்தான் இருக்கும். தலைவர் மூச்சுவிட முடியாமல் திணறினால் வாக்கியத்தை இரண்டாக உடைக்கலாம், தொடரை எடுக்கக்கூடாது.